தேரை நிறுத்துகிறவன்

ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தார். ராசா இருந்தால் கோயில் இருக்கும், கோயில் இருந்தால் தேர் இருக்கும், தேர் இருந்தால் இழுக்க ஐந்நூறு பேர் இருப்பார்கள், நிறுத்த ஒருத்தன் இருப்பான். ஊர் பேர் வாகைநல்லூர். நிறுத்துகிறவன் பேர் கொம்பையா. உம் கொட்டுங்கள், கதை நகரட்டும்.

தேரை நிறுத்துகிறது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். மலை மாதிரி தேர், ஆள் உயரச் சக்கரம், பிடித்து இழுக்க மூக்கணாங்கயிறா இருக்கிறது? ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் புளியங்கட்டையைக் கொடுக்க வேண்டும். வலது சக்கரத்துக்குக் கொடுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது சக்கரத்துக்குக் கொடுத்தால் இடப்பக்கம் திரும்பும், இரண்டுக்கும் கொடுத்தால் நிற்கும். தெற்குத் தெரு ஒரே இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில், தேர் வருகிற வழிக்கு நேர் எதிரே, கொம்பையாவின் வீடு. கட்டை தவறினால் முதலில் உன் வீடுதான் என்று அந்தக் காலத்து ராசா ஒருத்தர் யோசித்து அங்கே கட்டிக்கொடுத்த வீடு அது. தேர் அந்த இறக்கத்தைத் தாண்டி நின்றதும் குடிக்க அங்கே அண்டா நிறையப் பானகம் கரைத்து வைத்திருப்பார்கள். முதல் செம்பு கொம்பையாவுக்கு. ராசாவுக்கே இரண்டாவது செம்புதான்.

கொம்பையாவுக்கு ஒரு குணம். சோறு போட்டவனை மறந்தாலும் மறப்பான், முகம் சுளித்தவனை மறக்கமாட்டான். தன் கல்யாணப் பந்தியில் அப்பளம் வைக்காமல் தாண்டிப்போன மச்சானோடு இருபது வருசமாகப் பேச்சில்லை. அப்படிப்பட்ட ஆள்.

இப்படி இருக்கையில் பக்கத்து நாட்டு ராசா ஒரு விசேசத்துக்கு வந்தார். வந்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்க தேர் ரெண்டே நாள்ல நிலைக்கு வந்துரும். உங்க தேரு ஏழு நாளாமே? போன வருசத் தேரு வந்து சேந்துருச்சா?" என்று கேட்டுவிட்டார். நம்ம ராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆள் அனுப்பி, அரண்மனை அரண்மனையாகப் போய் யோசனை சொல்லுகிற சிந்தாமணியார் என்பவரை வரவழைத்தார்.

சிந்தாமணியார் பன்னிரண்டு முழத் துணியை விரித்து நாலு தெருவையும் நாலு நேர்கோடாக இழுத்தார். "மகாராசா, இந்த வருசம் மூணு நாள், வர்ற வருசம் ரெண்டு நாள், அதுக்கடுத்த வருசம் ஒரே நாள். இதுதான் நம்ம குறி" என்றார். ராசாவுக்குக் குளிர்ந்துபோயிற்று.

அப்புறம் சிந்தாமணியார் தேர்வேலைக்காரர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தராக என்ன வேலை என்று கேட்டு எழுதினார். வடம் திரிக்கிறவனுக்கு இன்னும் இரண்டு வடம். இழுக்கிறவர்கள் ஐந்நூறு பேர் ஆயிரம் பேராக வேண்டியது. பின்னால் நின்று முட்டித் தள்ள யானை. கடைசியில் கொம்பையா.

"நீ என்ன வேலைப்பா?"

"நிறுத்துற வேலை, சாமி."

எல்லாரும் சிரித்தார்கள். ராசாவும் சிரித்தார். அதைத்தான் கொம்பையா பார்த்துக்கொண்டான்.

"சாமி, தெற்குத் தெரு இறக்கம். துணியில அது தெரியல" என்றான்.

"உன்னால தேரு ஓரடி முன்னால போகுமா?"

"போகாது, சாமி."

"அப்ப ஓரமா நில்லு."

நின்றான். மறுநாளும் போனான். "சாமி, தெரு முடியிற இடத்துல திரும்பணும். தேரு தானாத் திரும்பாது" என்றான்.

"உன்னால தேரு ஓரடி முன்னால போகுமா?"

"போகாது, சாமி."

"அப்ப ஓரமா நில்லு."

மூன்றாம் நாளும் போனான். "சாமி, எனக்காக வேணாம். என் வீடு இறக்கத்துக்கு நேரா இருக்கு. எம் பொண்டாட்டி மாடத்தி படுத்த படுக்கை, எந்திரிச்சு ஓட முடியாது."

"உன்னால தேரு ஓரடி முன்னால போகுமா?"

"போகாது, சாமி."

"போகாதவனுக்கு இந்த ஓலையில இடமில்ல" என்று சிந்தாமணியார் அவன் பேரைச் சுரண்டிவிட்டார். கட்டைகளை எல்லாம் பொங்கல் அடுப்பெரிக்க மடைப்பள்ளிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அத்தோடு விட்டாரா? தான் உட்கார்ந்து பார்க்க ஒரு பந்தல் போடச் சொன்னார். எங்கே? கொம்பையாவின் வாசலை மறைத்து.

கொம்பையா கட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டை மட்டும் கொடுக்கவில்லை. மாடத்திக்குப் படுத்தால் மூச்சு முட்டும், அதனால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அந்த இரண்டையும் அண்டை கொடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து, "இனிமே அந்த ராசாவே கால்ல விழுந்தாலும் தேரைத் தொடமாட்டேன் புள்ள" என்று சொன்னான். மாடத்தி, "சரி, கஞ்சியக் குடிங்க" என்றாள்.

தேர்நாள் வந்தது. ஆயிரம் பேர் வடம் பிடித்தார்கள். கிழக்குத் தெரு சமதளம், காலையிலேயே தாண்டிவிட்டது. முனையில் யானை பக்கவாட்டில் முட்டி முட்டித் தேரைத் திருப்பிவிட்டது. ராசா யானைமேல் வரவில்லை, யானைதான் தேரைத் தள்ளுகிறதே, நடந்தே வந்தார், அவ்வளவு சந்தோசம். தெற்குத் தெரு இறக்கம் தொடங்குகிற இடத்தில் யானை நின்றுவிட்டது. பாகன் சொல்லிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், அங்குசத்தைக் காட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. யானைக்குத் தெரிந்தது, பாருங்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த சிந்தாமணியார், "யானை இல்லாட்டி என்ன, இழுங்க" என்று கொடியை அசைத்தார். இழுத்தார்கள்.

பத்தடி போனதும் வடம் தொய்ந்தது. இத்தனை நேரம் இவர்கள் தேரை இழுத்தார்கள், இப்போது தேர் இவர்களைத் துரத்தியது. ஆயிரம் பேரும் வடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் தரை அதிர்ந்தது. கொம்பையா அந்தச் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டவன். மாடத்தியைத் தூக்கக் குனிந்தான்.

"என்னத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுவீங்க? கட்டைய எடுங்க" என்றாள் அவள்.

"தொடமாட்டேன்னு சொல்லிட்டேனே புள்ள."

"அந்தச் சபதத்த நாளைக்கு வச்சுக்குங்க. தேரு இன்னைக்கு வருது."

கட்டிலைத் தூக்கி இரண்டு கட்டையையும் உருவினான். கட்டில் தலைமாட்டுப் பக்கம் தாழ்ந்தது, அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பந்தலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தான். ஓடவில்லை. ஓடுகிறவனுக்குக் கட்டை கை நழுவும். தேரைப் பார்த்தபடி நின்று, சக்கரம் வரட்டும் என்று காத்திருந்து, வலது சக்கரத்துக்கு ஒன்றைக் கொடுத்தான். தேர் ஒரு முனகல் முனகி வலப்பக்கம் முகத்தைத் திருப்பியது. தேரைப் பார்த்தபடியே பின்னுக்கு நகர்ந்து, இடது சக்கரத்துக்கு இன்னொன்றைக் கொடுத்தான். தேர் நின்றது. சக்கரத்துக்கும் பந்தல்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

சிந்தாமணியார் எங்கே? தேர் வருகிற வேகத்தைப் பார்த்து ஆசனத்திலிருந்து பின்னால் குதித்தவர், நேராகப் பந்தலோரம் கரைத்து வைத்திருந்த பானக அண்டாவுக்குள் உட்கார்ந்திருந்தார். தாடியில் வெல்லம் ஒழுகியது. ஈக்கள் வர ஆரம்பித்திருந்தன.

ராசா மூச்சிரைக்க வந்தார். தேரைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், கொம்பையாவைப் பார்த்தார். "உன் வேலை என்னன்னு கேட்டப்ப நானும் சிரிச்சேன். தப்புதான். முதல் செம்பு உனக்குத்தான், குடிப்பா" என்றார்.

கொம்பையா அண்டாவைப் பார்த்தான். "இந்த வருசம் வேணாம், மகாராசா" என்றான்.

ராசா பன்னிரண்டு முழத் துணியைத் தெருவில் விரிக்கச் சொன்னார். "நீ சொல்லு, எப்படிப் போகணும்?" என்று கேட்டார். கொம்பையா தேரடி மண்ணிலிருந்து கூழாங்கல் பொறுக்கி, இங்கே வாய்க்கால் மதகு, இங்கே பள்ளம், இங்கே இறக்கம், இங்கே திருப்பம் என்று துணிமேல் ஒவ்வொன்றாக வைத்தான். நாற்பத்தோரு கல் ஆயிற்று.

"இதெல்லாம் நிக்கிற இடம், மகாராசா. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல எவ்வளவு வேகமா வேணும்னாலும் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்ல."

"ஒரே நாள்ல முடியுமா?"

"முடியாது. இழுக்குறவன், வடம் திரிக்கிறவன், பாகன் எல்லாரும் இந்தக் கல்லப் பாத்துக்கிட்டா நாலு நாள்ல முடியும். என்கூட நிக்க ஒரு கையாளு வேணும்."

"யாரு வேணும்?"

கொம்பையா விரலை நீட்டவில்லை. அண்டாப் பக்கம் திரும்பி நின்றான், அவ்வளவுதான். ராசாவுக்கு விளங்கிவிட்டது.

மறுவருசம் தேர் நாலே நாளில் நிலைக்கு வந்தது. முன்னால் கொம்பையா, அவனுக்குப் பக்கத்தில் சிந்தாமணியார், தோளில் புளியங்கட்டையோடு, தேரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நாலு தெருவும் நடந்தார். அந்த வருசமும் நடந்தார், அடுத்த வருசமும் நடந்தார், பன்னிரண்டு வருசமும் நடந்தார். பன்னிரண்டு வருசத்தில் கொம்பையா அவரிடம் இரண்டே வார்த்தைதான் பேசினான். சக்கரம் வந்தால் "போடு". நின்றபிறகு "எடு".

மாடத்தி கட்டிலுக்கு ராசா வெள்ளிப்பூண் போட்ட கட்டை கொடுத்தார். அவள், வழுக்குகிறது, பழைய புளியங்கட்டையே போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஓட யோசனை சொல்ல ஊருக்கு நூறு பேர் வருவார்கள். நிற்க வேண்டிய இடம் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருப்பான், அவனைக் கேட்டுவிட்டு வடம் பிடியுங்கள். தேர் நிலைக்கு வந்தது, கதையும் நிலைக்கு வந்தது, கட்டையைப் போட்டாயிற்று.