புரியாமல் சிரித்தவர்

"கோபம் போக ஒரு வழி சொல்லுங்கம்மா," என்றார் சங்கரபாண்டி.

அவருக்கு அறுபத்தாறு வயது. ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே உட்கார்ந்திருந்த சுடரம்மாவுக்கு நாற்பத்தைந்துதான். கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். மனம் சரியில்லாதவர்கள் அவரிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

"யார் மேலே கோபம் ஐயா?"

"மக மேலே. என்னைக் கேலி பண்ணிட்டா."

நான்கு வருடத்துக்கு முன்பு, மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்த நேரத்தில், கோமதி மேற்படிப்புக்கென்று சென்னைக்குப் போனாள். போனால் இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லியிருந்தார் அவர். அவளும் மிதிக்கவில்லை.

இந்தத் தை மாதம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சங்கரபாண்டி அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்புகள் நைந்திருந்தன.

'அப்பா, படிப்பு முடியப்போகிறது. இன்னும் 3! மாதத்தில் வீட்டுக்கு வருவேன். கோமதி.'

"சித்திரை முழுக்க ஸ்டேஷன்லே போய் நின்னேன். ஒவ்வொரு வண்டிக்கும். என்கூட வேலை பார்த்தவங்க எல்லாரும் பார்த்தாங்க. அவ வரலை. இனிமே வரவே வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"போன வாரம்."

சுடரம்மா கடிதத்தைப் படித்தார். சிரித்துவிட்டார்.

சங்கரபாண்டியின் முகம் சுருங்கியது. "நீங்களுமா?"

சுடரம்மா ஆச்சரியக்குறியைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினார்.

"இப்போ எத்தனை மாசம்?"

"மூணு."

விரலை எடுத்தார்.

"இப்போ?"

"அதே மூணுதான். வர்ற சந்தோஷத்திலே ஒரு குறி போட்டிருக்கா."

"கணக்கிலே இந்தக் குறிக்கு வேற வேலை ஐயா. மூணை ரெண்டாலே பெருக்கணும். வந்ததை ஒண்ணாலே பெருக்கணும்."

சங்கரபாண்டி மனதுக்குள் பெருக்கினார்.

"ஆறு."

"ஆறு மாசத்திலே வர்றேன்னு எழுதியிருக்கா."

சங்கரபாண்டி தையிலிருந்து விரல்விட்டு எண்ணினார்.

"ஆடியிலேயா?" என்றார் பிறகு.

"ஆடியிலே."

"இதிலே சிரிக்க என்னம்மா இருக்கு?"

"விளக்கிச் சொன்ன பிறகு ஒண்ணும் இல்லை."

அவருக்கு மறுபடி கோபம் வந்தது. "நான் எட்டாங்கிளாஸ். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது? வேணும்னே எழுதியிருக்கா."

"சின்ன வயசிலே இந்த மாதிரி வேடிக்கை சொல்லுவாளா?"

"தினமும். நான் கேட்டை மூடிட்டு உட்கார்ந்திருப்பேன். நோட்டைத் தூக்கிட்டு ஓடி வருவா. ஒரு தடவை எட்டைப் படுக்கவச்சு வரைஞ்சுட்டு வந்தா. 'எட்டு படுத்துட்டுதுப்பா, இனிமே அதுக்கு முடிவே கிடையாது'ன்னா. சொல்லி முடிக்கிறதுக்குள்ளே அவளுக்குச் சிரிப்பு தாங்காது."

"நீங்க?"

"நானும் சிரிப்பேன்."

"புரிஞ்சுதா?"

"ஒண்ணுகூடப் புரிஞ்சதில்லை. அவ அம்மா திட்டுவா, உன் கணக்கையெல்லாம் உன்னோட வச்சுக்கோன்னு. இவ சொல்லுவா, அப்பாவுக்கு மட்டும்தான் எல்லாம் புரியுது, அதனாலேதான்..."

அவர் பார்வை கடிதத்துக்குப் போனது.

சுடரம்மா கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தார்.

"அவளுக்கு என்ன எழுதட்டும்மா?"

"எழுதினது போதும்."

"நேரே போறேன். ஆறுன்னு எனக்கும் தெரியும்னு சொல்லிடவா?"

"நான் சொன்னதை மறந்துடுங்க."

மறுநாள் சென்னைக்கு வண்டி ஏறினார். விடுதி வாசலில் பெயர் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். கோமதி இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"வர வேண்டாம்னு எழுதிட்டு நீங்க எதுக்கு வந்தீங்க?"

சங்கரபாண்டி கடிதத்தைப் பிரித்து, எண்ணுக்குப் பக்கத்திலிருந்த குறியைத் தொட்டுக் காட்டினார்.

"இது எனக்குப் புரியலை தாயி."

"சும்மா சொல்லாதீங்கப்பா. இதைவிடக் கஷ்டமானதுக்கெல்லாம் சிரிச்சிருக்கீங்க."

"அதுவும் புரியலை."

"எது?"

"எல்லாமேதான்."

கோமதி அவரையே பார்த்தாள்.

"பிறகு எதுக்குச் சிரிச்சீங்க?"

"நீ சிரிச்சியே," என்றார் அவர்.