ஓடாத எலிகள்

ஒரு காட்டில், பிள்ளைகளே, சிங்கராஜா வேட்டைக்கென்று ஒரு வல்லூற்றை வளர்த்துவந்தார். வல்லூற்றின் பெயர் வேகவர்மர். காலில் தோல்வார், உட்கார மரக்கட்டை, வேளாவேளைக்குச் சாப்பாடு. வேட்டை இல்லாத நாட்களில் தம்முடைய பெருமையைத் தாமே பேசிக்கொண்டிருப்பார். அந்த வேலைக்கு மட்டும் அவர் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.

அவருக்கு இரை கொண்டுவருவது செம்பன் என்ற கீரியின் பொறுப்பு. செம்பன் பிடிவாதக்காரன். வேடர் சுட்டுப்போட்ட கொக்கு வேண்டாம், உள்ளே ஈயக் குண்டு இருக்கும் என்பான். ஊர்ப்புறா வேண்டாம், தொண்டைப்புண் ஒட்டிக்கொள்ளும் என்பான். கண்ணெதிரே மேய்ந்து, தன்னைக் கண்டதும் ஓட்டமெடுத்த காடையைத்தான் துரத்திப் பிடிப்பான். அதனால் சாப்பாடு சில நாள் உச்சிவெயிலில்தான் வந்துசேரும். வேகவர்மருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இதை மோப்பம் பிடித்தான் சடையன் என்ற கிழ நரி. பல் பாதி போனவன். எலி பிடித்துப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மூன்று கொழுத்த எலிகளைக் கவ்விக்கொண்டு வந்து நின்றான். எப்படிப் பிடித்தாய் என்று வேகவர்மர் கேட்டார்.

"பிடிக்கவே இல்லை, பிரபு. தங்கள் பெயரைச் சொன்னேன். அப்படியே நின்றுவிட்டன. ஓரடி நகரவில்லை" என்றான் சடையன்.

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். வேகவர்மருக்கோ உச்சி குளிர்ந்துபோனது. தம் பெயருக்கு அத்தனை மகிமை உண்டென்று அவருக்கு முன்பே ஓர் எண்ணம். இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது, கேட்கவா வேண்டும்?

செம்பன் ஓர் எலியைப் புரட்டிப் பார்த்தான். மூக்கோரம் ரத்தம். காட்டோரத்து நெல் குடோனில் எலிமருந்து வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். மருந்து தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் கிறுகிறுத்துத் திரியும். அதைத் தின்றவருக்கும் அதே கதிதான். அவனுக்குப் பகீரென்றது. என்னதான் ஏசினாலும், இறகு முளைக்காத நாளிலிருந்து அவன் ஊட்டி வளர்த்த பறவை அல்லவா?

"பிரபு, சடையன் தொடுவதற்கு முன்பே இதை விஷம் தொட்டுவிட்டது. தயவுசெய்து வாய் வைக்காதீர்கள்" என்று கெஞ்சினான்.

"என்னைக் கண்டு ஓர் எலி நடுங்கி நிற்கக் கூடாதா? அதற்கும் விஷம்தான் வேண்டுமா?" என்று சீறினார் வேகவர்மர்.

விஷயம் சிங்கராஜாவிடம் போயிற்று. அவர் தீர விசாரித்தார். அதாவது, வேகவர்மரை மட்டும் கேட்டார். செம்பனின் வேலை பறிபோய்ச் சடையனிடம் போனது; அன்றிலிருந்து வேகவர்மருக்குத் தினமும் எலிச் சாப்பாடுதான். சடையனுக்கு 'எலிகுலக் காலன்' என்று பட்டம் வேறு கிடைத்தது. பட்டம் வாங்கிய மிதப்பில் அவனும் தினம் ஒன்றிரண்டு எலிகளை வாயில் போட்டுக்கொண்டான். சொன்ன பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டான், பாவம்.

நான்காம் நாள் சடையன் வரவில்லை. குடோனுக்குப் போகும் பாதையில் அவன் செத்துக் கிடக்கிறான் என்று காகங்கள் சொல்லின. செம்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல காடை ஒன்றைத் துரத்திப் பிடித்து, உயிரோடு கவ்விக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

வேகவர்மர் கட்டையிலிருந்து சரிந்து மண்ணில் கிடந்தார். அலகோரம் ரத்தம் கசிந்தது. செம்பன் காடையை அவருடைய நகங்களுக்கு நடுவில் வைத்தான். நகங்கள் மூடவில்லை. காடை உதறிக்கொண்டு புதருக்குள் ஓடி மறைந்தது.

வேகவர்மர் அரைக்கண் திறந்து, அது போன திசையைப் பார்த்தார்.

"பார்த்தாயா, செம்பா? என் எதிரிலேயே ஓடுகிறது. கொஞ்சமாவது மரியாதை இருக்கிறதா அதற்கு?" என்றார்.

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. செம்பன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான்.

நீதி: ஒருவன் உன்னைப் புகழ்ந்துகொண்டே ஊட்டினால், முதலில் சோற்றைப் பார், புகழை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.