கடைசிப் பதினாறு பக்கம்

பேய்க்கதை எழுதும் மயானப்பிரியனுக்கு எங்கள் ஊர் நூலகத்தில் இருக்கும் மவுசு வேறு யாருக்கும் கிடையாது. வாசகர் வட்டத் தலைவர், பேராசிரியர் தில்லைநாயகத்துக்கு அது பொறுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலிச் சாக்கோடு வந்து நின்றார்.

"படித்தவன் ஒருத்தனாவது இந்தக் குப்பையைப் படிக்கிறான் என்று காட்டு. இல்லாவிட்டால் அத்தனையும் எடைக்குப் போகும்" என்றார், அலமாரி துடைத்துக்கொண்டிருந்த செங்கமலத்திடம்.

செங்கமலத்துக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலி. சாக்கைத் தூக்கப்போவதும் அவள்தான்.

"அப்படி என்னங்கய்யா குறை இதுல?"

"'கிணற்றடிப் பிணம்' கடைசிப் பக்கத்தைப் பார். பிணம் பாடையில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறது. சர்க்கரை வேண்டாமாம். இதை எழுதியவனுக்கு இத்தனை வாசகர்கள்."

"நீங்க எங்க படிச்சீங்க?"

"காசு கொடுத்தா வாங்குவேன்? இங்கேதான், நின்றபடியே புரட்டினேன்."

அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினாள். கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.

"நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒண்ணுதாங்க. வந்த அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சு. முடிவு என்னன்னு கேட்டு எல்லாரும் என் உயிரை எடுக்கிறாங்க."

பேராசிரியர் சாக்கை மடிக்க ஆரம்பித்தார்.

செங்கமலம் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். "சொன்னதுதான் சொன்னீங்க, முழுசாச் சொல்லிட்டுப் போங்க. பிணத்துக்குக் காபி கிடைச்சுதா?"

அவர் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"இரண்டாம் பாகத்தில்தான் கிடைக்கும்" என்றார்.