ஆமைகளின் கொள்கைப் பாட்டு

தாமரைக் குளத்தில் ஆமைகள் ஒரு சவாரி நிறுவனம் நடத்திவந்தன. நீந்தத் தெரியாத பிராணிகளை முதுகில் ஏற்றி, அக்கரை நாவல் மரத்தடியில் இறக்கிவிடுவதுதான் தொழில்.

ஆரம்பத்தில் பொறையன், செம்மி என்ற இரண்டு ஆமைகள் மட்டுமே இருந்தார்கள். என்ன அருமையான காலம் அது! ஒருமுறை பருந்து பாய்ந்து செம்மியின் கழுத்தைக் கீறிவிட்டது. அவள் முங்கவில்லை. முதுகில் முயல் இருந்ததே! இரத்தம் வழிய வழியக் கரை சேர்ந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று பொறையன் கேட்டான்.

"முயலுக்கு ஒண்ணும் ஆகலை. அது போதும்!" என்றாள் செம்மி.

கொள்கை என்ற சொல்லையே இருவரும் உச்சரித்ததில்லை.

பின்னாளில் செம்மி காலமானாள். தொழில் பெருகியது. குளம் நிறையப் புது ஆமைகள்.

"இவ்வளவு பெரிய நிறுவனத்துக்குக் கொள்கை வேண்டாமா?" என்று கரையோர மைனா ஒன்று உசுப்பேற்றிவிட்டது. பொறையனுக்கும் ஆசை வந்தது. மைனா பாட்டுக் கட்டிக் கொடுத்தது.

"உயர்வு! உறுதி! உன்னதம்!"

தினமும் காலையில் எல்லா ஆமைகளும் தொண்டை கிழியப் பாடின. அர்த்தம் மைனாவுக்காவது தெரியுமோ என்னவோ!

ஒருநாள் தோணி என்ற புது ஆமை அணிலை ஏற்றிக்கொண்டு போனான். நடுக்குளத்தில் பருந்தின் நிழல் விழுந்தது. தோணி சட்டென்று முங்கிவிட்டான்! அணில் தண்ணீர் குடித்துத் தத்தளித்தது. பொறையன் விரைந்து வந்து அதைத் தாங்கிக் கரை சேர்த்தான். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் அணிலின் கதை முடிந்திருக்கும்.

"நம்ம கொள்கை தெரியாதா உனக்கு?" என்று தோணியிடம் சீறினான் பொறையன்.

"தெரியுமே! உயர்வு, உறுதி, உன்னதம்!"

"அப்புறம் ஏன் முங்கினே?"

"பருந்து வந்தா முங்கணும்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. முங்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே, ஐயா!"

பொறையனுக்குச் சுருக்கென்றது. செம்மியின் நினைவு வந்து கண் கலங்கியது. அவளைப் பற்றி இவர்களில் ஒருவரிடமாவது வாய் திறந்திருப்போமா?

அங்கேயே எல்லா ஆமைகளையும் கூட்டி, செம்மியின் கதையைச் சொன்னான். "முதுகுல ஆள் இருந்தா, உயிரே போனாலும் முங்கக் கூடாது. நம்ம கொள்கை இவ்வளவுதான்!"

"பயமாத்தான் இருக்கு, ஐயா. ஆனா இனி முங்க மாட்டேன்" என்றான் தோணி.

அணில் நனைந்த வாலை உதறியது. "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று அலுத்துக்கொண்டே, மறுபடியும் தோணியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது.

கொள்கையை அழகான சொற்களில் பாடவைத்தால் போதாது. ஆபத்து வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவைக்க வேண்டும்.