பேய்வாய்ப் பாலத்தில் நாற்பத்தோராவது ஆள்

மேகம் கீழேயும் மனுஷர் மேலேயுமாக வாழ்ந்த முகிற்கோட்டு மலைநாட்டை முன்னொரு காலத்தில் தாளமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. அவர் நாட்டில் முரசு கேட்டால் எல்லாரும் ஒரே அடியாக நடக்க வேண்டும். படைவீரர் மட்டுமில்லை, மந்திரிகளும் பல்லக்குத் தூக்கிகளும் அரண்மனைச் சமையற்காரர்களும் கூடத்தான். அடி பிசகினால் கசையடி. இந்தக் கிறுக்கை ஊட்டி வளர்த்த புண்ணியவான் படைத்தலைவன் கோளரிநாதன்.

ராஜாவின் குலதெய்வக் கோயில் பேய்வாய் என்னும் பள்ளத்துக்கு அக்கரையில் இருந்தது. அங்கே பாலம் போடும் வேலையைக் கோளரிநாதன் தன் மைத்துனனுக்காகக் கேட்டான். ராஜாவோ கயிறு திரிக்கும் குருவாயிக்குக் கொடுத்தார். எப்படிப் பாலம் போடுவாய் என்றதற்குச் சபையில் அவள் சொன்ன பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"பாலம் மூணு விதம் ராசா," என்றாள் அவள். "உத்தரம் போட்ட பாலம் முதுகால சுமக்கும். பள்ளம் அகலமா இருந்தா நடுவுல கால் நடணும். கல்வளைவுப் பாலம் ரெண்டு கரையையும் தோளால தள்ளி நிக்கும். கடைசிக் கல்லு உட்காருற வரைக்கும் கீழேருந்து சாரம் தாங்கணும். பேய்வாய்க்குள்ள விட்ட கயிறு எதுவும் இதுவரைக்கும் தரையைத் தொட்டதில்ல. காலை எங்க நட, சாரத்தை எங்க ஊன? மிச்சம் தொங்குபாலம். அது ரெண்டு கரையையும் கையால பிடிச்சுத் தொங்கும். பிடிக்கப் பாறை இருந்தாப் போதும்."

ஆறு மாதத்தில் பாலம் தொங்கியது. பொதிமாடுகள் போயின, சந்தைக்காரர்கள் போனார்கள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு கோளரிநாதனின் நாற்பது வீரர்கள் முரசோடு ஏறினார்கள். நடுவழியில் பாலம் மூச்சு விட ஆரம்பித்தது. ஏறியது, இறங்கியது, அடிக்கு அடி கூடியது. முன்னே போன முரசுக்காரன் சாத்தன் ஒரு எழும்பலில் தூக்கி எறியப்பட்டுப் பனிமூட்டத்துக்குள் போனான். அவன் அலறல் கேட்கவில்லை. கீழேயிருந்து 'டும்... டும்...' என்று முரசுச் சத்தம்தான் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. தவழ்ந்து கரையேறிய வீரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பள்ளத்துப் பேய் பலி கேட்கிறது, கயிறு திரித்தவளையே பாலத்தின் காலடியில் உயிரோடு புதைக்க வேண்டும் என்றான் கோளரிநாதன். ராஜா பத்து நாள் தவணை கொடுத்தார். பத்தாம் நாள் கோயில் திருவிழாவன்று தானே பாலத்தில் நடக்கப் போவதாகவும், அப்போது பாலம் ஆடினால் அவளுக்குக் குழிதான் என்றும் சொன்னார். தவணை பத்து நாள் என்றாலும் குழி அன்று மாலையே தயார். குருவாயி அதைத் தாண்டித்தான் தினமும் பாலத்துக்குப் போனாள்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. குழியை அவள் உயரத்துக்கு அளந்து வேறு வெட்டியிருந்தார்கள். பலகைமேல் குப்புறப் படுத்து, கயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். இருநூறு ஆடுகள் தம் பாட்டுக்குக் கலைந்து போயின, கயிறு முணுமுணுத்தது, அவ்வளவே. தூரத்தில் கோளரிநாதனின் படை கரையில் நடை பழகியது. அந்த ஒற்றை அடி பாறை வழியாகக் கயிற்றுக்குள் வந்தது. யாருமே இல்லாத பாலம் அவள் வயிற்றின் கீழே மெல்ல அசைந்தது. குருவாயிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விஷயமும் புரிந்துவிட்டது.

புரிந்து என்ன பயன்? உங்கள் ஒரே அடிதான் குற்றம் என்று ராஜாவிடம் சொன்னால் குழி வரைக்கும் கூடப் போக வேண்டியிருக்காது.

திருவிழாவன்று அவள் ராஜாவின் காலில் விழுந்தாள். "ராசா, பேய் இருக்கிறது நெசம். அதுக்குத் தாளம்னா உசுரு. கேட்டா ஆட வந்துடும். அதை ஏமாத்தணும். முரசு வேணாம். ஒருத்தர் நொண்டணும், ஒருத்தர் கள்ளுக் குடிச்சவர் மாதிரி போகணும். யாரு காலும் யாரு காலோடயும் சேரக் கூடாது."

ராஜாவுக்கு வேடிக்கையில் ஆசை வந்துவிட்டது. தானே ஒரு காலை இழுத்துக்கொண்டு கிளம்பினார். தலைமை மந்திரி தள்ளாடினார், சமையற்காரர் வாத்து நடை நடந்தார். பனிக்குள் அந்த ஊர்வலம் செத்தவர்கள் எழுந்து போவதுபோல இருந்தது. பாலம் அசையவேயில்லை; குருவாயியோடு எல்லாரும் அக்கரை சேர்ந்தார்கள்.

கோளரிநாதனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. கோமாளி நடை தன் படைக்கு இழுக்கு என்று, புது முரசோடு நாற்பது பேரையும் ஒரே அடியில் நடத்திக்கொண்டு வந்தான். நடுவில் பாலம் மூச்சு விட்டது. ஏறியது, இறங்கியது. பள்ளத்திலிருந்து பதிலுக்கு ஒரு முரசு கேட்டது. அக்கரையிலிருந்து குருவாயி, "முரசைப் போடு, எல்லாரும் உக்காருங்க," என்று கத்தினாள். முரசு பள்ளத்தில் விழுந்தது. நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். பாலம் அடங்கியது. படைத்தலைவன் நாலுகாலில் வந்து கரையேறினான்.

ராஜா குருவாயியை அருகே அழைத்தார். பிறகு கேட்டார். "உண்மையைச் சொல். பேய் இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கு ராசா. ஊஞ்சலைத் தள்ளுற குழந்தைக்குப் பலம் வேணாம், நேரம் பார்த்துத் தள்ளினாப் போதும். நாப்பது பேரும் ஒரே ஆளா நடந்தா, நேரம் பார்த்துத் தள்ள நாப்பத்தொண்ணாவது ஆள் ஒருத்தர் வந்துடுறார். அவரை நாமதான் கூட்டிட்டு வர்றோம்."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. சாத்தனைக் கொன்ற கிறுக்கு தன்னுடையது என்று அவருக்கு விளங்கிவிட்டது. குழியை மூடச் சொன்னார். சாத்தன் பிள்ளைகளுக்கு நிலம் எழுதி, குருவாயிக்கு நாட்டுப் பாலங்கள் அத்தனையையும் ஒப்படைத்தார். கோளரிநாதனுக்கும் வேலை கொடுத்தார். பாலத்து முனையில் நின்று, வருகிற ஒவ்வொரு படையையும் கும்பிட்டு, "ஐயா, தாளம் தப்பி நடங்கள்," என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் பனிக்குள் குருவாயி தனியாக வீடு திரும்பினாள். தாளத்துக்கு ஆடும் பேயை ஜோடித்தவளே அவள்தானே, அவளுக்கென்ன பயம். நடுப்பாலத்தில் இடக்கால் வைத்தாள். கீழே 'டும்' என்றது. வலக்கால் வைத்தாள். 'டும்.' எதிரொலிதான் என்று நினைத்தாள். ஆனால் அன்று எந்தக் கரையிலும் முரசு இல்லை.

அவள் நிற்கவில்லை, ஓடவும் இல்லை. குட்டையாக இரண்டு எட்டு, நீளமாக ஒன்று, அப்புறம் ஒரு நொண்டல். கீழே இருந்த சத்தம் ஒருமுறை தடுமாறி, பிறகு நின்றுபோயிற்று. "போய்ட்டு வர்றேன் சாத்தா," என்று சொல்லிவிட்டுக் கரையேறினாள்.