சங்கிலியின் மறுமுனை

ஆப்பிரிக்காவின் யோருபா நாட்டில் இலேமோ என்றொரு ஊர். அந்த ஊர் அரசர் அடேகோயாவுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்றுதான்: 'கூடாது'. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவரும் ஒருவர்தான். மூத்தோர் சபையில் பெண்கள் சார்பில் உட்காரும் மோரெனிகே அம்மாள்.

சந்தைத் திடலைக் குதிரை லாயமாக்கப் போகிறேன் என்றார் அரசர். கூடாது என்றார் மோரெனிகே. சபையும் அவர் பக்கமே சாய்ந்துவிட்டது. அரசருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அரண்மனை விகடகவி லாடிபோவைக் கூப்பிட்டார்.

அந்தச் சபைக்கு ஒரு பித்தளைச் சின்னம் உண்டு. ஏடன் என்பார்கள். ஓர் ஆண் உருவம், ஒரு பெண் உருவம், இரண்டையும் இணைக்கும் சங்கிலி. கழுத்தில் போட்டால் மார்பின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும். அதை அணிந்து சொல்வதுதான் ஊருக்குக் கட்டளை. சொல்லி முடிக்குமுன் அது மண்ணில் விழுந்தால், சொன்னது செல்லாது. சங்கிலியில் முடிச்சும் போடக் கூடாது.

"புது ஏடன் வார்க்கச் சொல். ஒரு முனையில் என் உருவம். மறுமுனையில் ஒன்றும் வேண்டாம். அந்தப் பெண் உருவம் போய்விட்டால் சபையில் மோரெனிகேவுக்கு ஏது இடம்?"

லாடிபோ யோசித்தான். மோரெனிகே இல்லாத சபையில் இந்த மனிதரை யார் தடுப்பது? ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"அப்படியே ஆகட்டும், மகாராஜா. மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக வைக்கச் சொல்லட்டுமா?"

"சொல்."

மெழுகில் உருவம் பிடித்து, களிமண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, பித்தளையை ஊற்றினார்கள். மூக்கு நன்றாகவே வந்தது.

சபை கூடியது. ஊரே திரண்டு வந்தது. மோரெனிகே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அரசர் சங்கிலியைக் கழுத்தில் போட்டார்.

"இன்று முதல் இந்தச் சபையில்..."

ஏடன் சர்ரென்று நழுவி, அரசரின் கால் பெருவிரலில் விழுந்து, மண்ணில் உருண்டது.

"செல்லாது," என்றார் சபையின் மூத்தவர்.

மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அரசர் காலை முன்கூட்டியே நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"லாடிபோ! என்ன இது?"

"மறுபக்கம் கனம் இல்லை, மகாராஜா. முன்பு அந்தம்மா தொங்கிக்கொண்டிருந்தார்."

"அவள் பேச்சே வேண்டாம். வேறு வழி சொல்."

"யாராவது மறுமுனையைப் பிடித்துக்கொள்ளலாம்."

"நீயே பிடி!"

லாடிபோ பவ்யமாக வந்தான். சங்கிலி நுனியைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றான். அரசர் கழுத்து அந்தப் பக்கம் சாய்ந்தது.

"ஏன் இழுக்கிறாய்?"

"இழுக்கவில்லை. தாங்கள் எங்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறேன்."

கூட்டத்தின் பின்வரிசையில் கண் மங்கிய சந்தைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "லாடிபோ அண்ணே, கிடா என்ன விலை?"

அரசர் தன் கழுத்தைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். லாடிபோவின் கையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பழையதையே கொண்டு வாருங்கள்!"

கொண்டு வந்தார்கள். போட்டுக்கொண்டார். நழுவவில்லை. "சந்தைத் திடல் சந்தைக்கே," என்றார்.

"இந்தப் புதியதை நீயே பரிசாக வைத்துக்கொள், லாடிபோ."

லாடிபோ தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

"ரொம்ப உபகாரம், மகாராஜா. வீட்டில் நிஜமாகவே ஒரு கிடா இருக்கிறது."