ஒரே குரலாக

வயதில் இளைய பெண்ணைக் குருவாக ஏற்க ஒரு மனசு வேண்டும். நரை விழுந்த பொன்னம்பலத்துக்கு அது இருந்தது. மற்றபடி அவர் கர்வக்காரர்தான். மடத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு அவருடையது. அவருடைய பிள்ளைகள் பாடம் வாசித்தால் ஒரே குரலாகக் கேட்கும் என்று ஊரே மெச்சும்.

அன்று சாயங்காலம் மடத்துக்குள் நுழைந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. அவர் குருவாக ஏற்றிருந்த, மடத்தை நடத்தும் அம்மை கூடத்தில் உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"தாயே, என் வகுப்புல பேச்சியம்மாள்னு ஒரு பொண்ணு. அவளுக்கு வாசிக்கவே தெரியல."

"எப்போ தெரிஞ்சுது?"

"போன வாரம். தனியா எழுப்பி வாசிக்கச் சொன்னேன். புஸ்தகத்தைப் பாத்துக்கிட்டே நின்னா. வகுப்பே சிரிச்சுது. மறுநாள்லேர்ந்து வரல. செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிட்டா."

"போய்ப் பாத்தீங்களா?"

"அங்கேருந்துதான் வர்றேன். தலையில கல்லோட நின்னு சொல்றா, 'இங்க யாரும் என்னை வாசிக்கச் சொல்ல மாட்டாங்க ஐயா'ன்னு."

திரி அம்மையின் விரல்களுக்கு நடுவே அப்படியே நின்றது.

"இது யார் செஞ்ச தப்பு தாயே? ஒன்பதாம் வகுப்பு வாத்தியாரைக் கேட்டா எட்டாம் வகுப்பைக் கைகாட்டுறார். அவர் அதுக்கும் கீழே காட்டுறார். ஒன்னாம் வகுப்பு டீச்சர் வரைக்கும் இறங்கிப் பாத்துட்டேன். 'எல்லாரோடயும் சேர்ந்து நல்லாத்தானே வாசிச்சா'ங்கறாங்க. நான் செய்யுளுக்குப் பொருள் சொல்றவன். எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறது என் வேலையா?"

"வழிபாட்டு நேரமாச்சு. உக்காருங்க," என்றார் அம்மை.

மடத்தில் இருப்பவர்கள் கூடத்தில் வந்து கூடினார்கள். வழக்கமாகத் தமிழ்ப் பதிகம்தான் பாடுவார்கள். அன்று அம்மை உள்ளே போய் வேறு தாள்களை எடுத்து வந்து கொடுத்தார். வடமொழித் துதி, பழைய கிரந்த எழுத்தில் இருந்தது. மடத்தில் இருப்பவர்கள் அந்த எழுத்தைக் கற்றவர்கள். பொன்னம்பலம் கற்கவில்லை. கற்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லோரும் தொடங்கிவிட்டார்கள்.

வேறு வழி? கூட்டத்தோடு கோவிந்தா போட்டார். பக்கத்தில் இருந்தவர் சொல்லி முடிக்கும்போது சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டார். அவர் தாளைத் திருப்பினால் இவரும் திருப்பினார். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவே இல்லை. துதி முடிந்ததும் தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று பெருமூச்சு விட்டார். பாவம், சட்டையெல்லாம் வேர்வை.

"நல்லா வாசிச்சீங்க ஐயா," என்றார் பக்கத்தில் இருந்தவர். பொன்னம்பலம் சிரித்து வைத்தார்.

எல்லோரும் எழுந்து போனார்கள். அம்மை அவரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார்.

"இந்த எழுத்து தெரியாதுன்னு ஏன் சொல்லல?"

"எல்லாரும் வாசிக்கிறாங்க தாயே. எனக்கு மட்டும் எப்படி..."

"பயந்தீங்களா?"

"பயந்தேன்."

"என்னத்துக்கு?"

"எங்கே தனியா எழுப்பி வாசிக்கச் சொல்லிடுவீங்களோன்னு..."

சொன்ன சொல் அவர் காதிலேயே விழுந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இத்தனை வயதில் அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு அப்போது இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு மறுபடி சூளைக்குப் போறேன். நானே உக்காந்து அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கறேன்," என்றார்.

"வருவாளா?"

பொன்னம்பலம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கல்லைச் சுமந்துகொண்டு அவள் திரும்பி நடந்ததை அவர்தான் பார்த்திருந்தார்.

அம்மை விளக்கிலிருந்த கரிந்த திரியை எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அவ போன பிறகு உங்க வகுப்பு எப்படி வாசிக்குது?"

"அதுல குறையே இல்ல தாயே. தடங்கலே கிடையாது. எப்பவும் போல ஒரே குரலா..."

சற்று முன் பக்கத்து ஆளின் சொல்லைப் பிடித்துக்கொண்டு தாமும் அப்படித்தான் வாசித்தது நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்த ஒரு குரல் யாரோடது, பொன்னம்பலம்?"